முசல்மான் பத்திரிகையும், 1994ல் நான் சொன்ன ஒரு வார்த்தையும்



இன்று பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள். காலை ஆறு மணியிலிருந்து நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. "தமிழ் சொல்லிக் கொடுத்த எங்கள் டீச்சருக்கு" என்று பூங்கொத்துப் படம் போட்டு ஐந்தாறு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த வாழ்த்தை முழுதாக வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நான் பணி ஓய்வு பெற்றது 2018ல். மறு வருடம் ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்காகக் காத்திருந்தேன். "டீச்சர்!" என்று ஒரு குரல். முப்பது, முப்பத்தைந்து வயது ஆள். தாடி, தோளில் லேப்டாப் பை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நாலாங் கிளாஸ் டீச்சர், 94ல. நோட்டைப் பின்னாலேருந்து எழுதுவேனே" என்றான். அப்போது ஞாபகம் வந்தது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எழுதவில்லை. உங்களில் சிலர் கண்டுபிடித்துவிடுவீர்கள். உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் குடும்பத்தில் பேசுவது உருது. தாத்தா வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடும் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து பல்லாவரத்தில் குடியேறியவர். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான் என்று வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தோல் தொழிலை நம்பி வந்த குடும்பங்கள் நம் பள்ளியைச் சுற்றி நிறையவே இருந்தன. நம்மிடம் தமிழ், வீட்டில் உருது என்று அந்தப் பிள்ளைகள் வாசல் படியிலேயே மொழியை மாற்றிக்கொள்வார்கள்.

ரயில் வந்தது. எதிரெதிர் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு, வேலை, பிள்ளைகள் என்று பேச்சு போனது. அவன் கையில் மடித்த ஒரு செய்தித்தாள் இருந்தது. எழுத்துகள் கொடி மாதிரி வளைந்து சரிந்து இருந்தன. "என்னடா இது, உருதுவா?" என்றேன்.

"முசல்மான் டீச்சர். திருவல்லிக்கேணியில வருது. முழுக்கக் கையால எழுதுற பேப்பர். எங்க தாதா தினமும் படிப்பாரு."

"நீயும் படிப்பியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். பேசுவேன், அவ்வளவுதான். சின்னப்போ கொஞ்சம் படிச்சேன், அப்புறம் நிறுத்திட்டாங்க."

"யாருடா நிறுத்தச் சொன்னது?" என்று உரிமையோடு கேட்டேன்.

சிரித்தான். "நீங்கதான் டீச்சர்."

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நடந்தது இதுதான். 1994ல் அவன் நாலாம் வகுப்பு. நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து எழுதுவான். ல, ள, ழ எல்லாம் ஒன்றுதான் அவனுக்கு. தினமும் சாயங்காலம் தாத்தாவிடம் உட்கார்ந்து உருது எழுத்துப் பழகுகிறான் என்று தெரிந்தது. அவன் அப்பாவை வரச் சொன்னேன். தோல் ஷாப்பு வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தார். கை கட்டி நின்றவரிடம், "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கக் கூடாதுங்க. உருது படிக்கிறதை நிறுத்துங்க. அப்பதான் பையனுக்குத் தமிழ் வரும்" என்று சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டார். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய காலம் அது.

அதே வகுப்பில் வீட்டில் தமிழே பேசும் பிள்ளைகளும் ல, ள, ழ தப்புவிட்டார்கள். அவர்கள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு நான் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை.

பார்க் ஸ்டேஷன் வருவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டான். தாத்தாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். 2002 வாக்கில் பார்வை முழுக்கப் போய்விட்டது. ஆனாலும் தபாலில் வரும் முசல்மானை நிறுத்த விடவில்லை. பேரனை உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார். அவனுக்குத் தெரியாது. பாட்டிக்கும் எழுத்துத் தெரியாது. அப்பா வேலை முடிந்து இரவு வந்தால்தான் உண்டு. ஒரு நாள் தாத்தா கையை நீட்டி, "தலைப்பில் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே என் உள்ளங்கையில் வரை" என்றாராம். இவன் பேப்பரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வளைவாக, விரலால் அவர் கையில் இழுத்திருக்கிறான். புள்ளி எங்கே, மேலேயா கீழேயா என்று கேட்டுக் கேட்டு, அவர் வார்த்தையைச் சேர்த்துச் சத்தமாகச் சொல்வாராம். ஒரு தலைப்புக்குக் கால் மணி நேரம். இறந்துபோகும் வரை, கிட்டத்தட்ட ஒரு வருடம், இப்படித்தான் அவர் பேப்பர் படித்திருக்கிறார்.

"எனக்கு என்ன வரையுறேன்னே தெரியாது டீச்சர். அவருக்குத்தான் தெரியும்" என்றான்.

ஒன்றாம் வகுப்பில் உங்கள் எத்தனை பேர் விரலைப் பிடித்து மணலில் அ, ஆ எழுத வைத்திருக்கிறேன்! அந்த விரல்களில் ஒன்று அவனுடையது போன்ற ஒரு பிள்ளையுடையது. அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பத்திரிகையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இத்தனை வருடம் சென்னையில் இருந்தும் எனக்குத் தெரியாத கதை அது. உங்களுக்கும் சொல்கிறேன்.

முசல்மான் தொடங்கியது 1927ல். தொடங்கியவர் சையது அஸ்மதுல்லா. சென்னை மாகாண முஸ்லிம்கள் தங்கள் மொழியில் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ளவும், தங்கள் குரலைச் சொல்லவும் ஒரு நாளிதழ் வேண்டும் என்று நினைத்தார். அந்த வருடம்தான் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் முக்தார் அகமது அன்சாரிதான் பத்திரிகையைத் தொடங்கி வைத்தார். அலுவலகம் திருவல்லிக்கேணி ஹைரோட்டில், வாலாஜா பெரிய மசூதிக்குப் பக்கத்தில். அஸ்மதுல்லாவுக்குப் பின் மகன் சையது ஃபஸ்லுல்லா ஆசிரியரானார். அவர் 2008ல் காலமான பின் அவர் மகன் சையது ஆரிஃபுல்லா பொறுப்பேற்றார். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை.

நாலே பக்கம். ஒரு பெரிய தாளை மடித்தால் பேப்பர் தயார். நாலு பக்கத்தையும் கையால்தான் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களுக்குக் 'காத்திப்' என்று பெயர். எழுதுகோலுக்குக் 'கலம்' என்று பெயர். நாம் சாப்பிடும் கலம் வேறு, இது வேறு. ஒரு பக்கம் எழுத ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். நிருபர்கள் அனுப்பும் செய்தியை முதலில் உருதுவில் பெயர்க்கிறார்கள். பிறகு காத்திப் அதை அழகான எழுத்தில் தாளில் எழுதுகிறார். அதைப் படம் பிடித்து, நெகட்டிவ் எடுத்து, தகடு செய்து அச்சடிக்கிறார்கள். மதியம் அச்சு, சாயங்காலம் வாசகர் கையில். முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்பார்களாம். கடைசி நேரத்தில் ஏதாவது பெரிய செய்தி வந்தால் எழுதுவதற்கு. எழுதும்போது ஒரு பெரிய பிழை வந்துவிட்டால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டியதுதான். இம்போசிஷன் எழுதிய உங்களுக்கு அந்த வலி புரியும்!

ஏன் கையால்? அச்சுக்கோத்தால் என்ன? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. நம் தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். ஈயத்தில் வார்த்து, பெட்டியில் பிரித்துப் போட்டு, வேண்டியதை எடுத்து அடுக்கினால் வரி வந்துவிடும். உருதுவில் வழங்கும் நஸ்தலீக் எழுத்து அப்படி இல்லை. எழுத்துகள் ஒன்றோடு ஒன்று கை கோத்துக்கொண்டு, வலது மேல் பக்கத்திலிருந்து இடது கீழ்ப் பக்கமாகச் சரிந்து இறங்கும். ஒரே எழுத்து பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து உருவம் மாறும். அதை ஈயத்தில் வார்க்கப் பல ஆயிரம் துண்டுகள் வேண்டும். அதனால் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உருதுப் பத்திரிகைகள் காத்திப்களை நம்பித்தான் இருந்தன. 1981ல்தான் பாகிஸ்தானில் மிர்சா அகமது ஜமீல் என்ற எழுத்துக் கலைஞரின் உழைப்பால் 'நூரி நஸ்தலீக்' என்ற கணினி எழுத்து வந்தது. பல ஆயிரம் எழுத்துக் கூட்டுகளை அவர் கையால் எழுதிக் கொடுக்க, அவை கணினிக்குள் போயின. லாகூரின் 'ஜங்' நாளிதழ் முதலில் அதற்கு மாறியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாப் பத்திரிகைகளும் மாறின. காத்திப்கள் வேலை இழந்தார்கள். திருவல்லிக்கேணியில் மட்டும் பேனாவை வைக்கவில்லை. கையால் எழுதப்படும் உலகின் ஒரே நாளிதழ் என்று முசல்மானைச் சொல்வதுண்டு.

எழுதியவர்களில் பெண்களும் உண்டு. சின்னசாமி பாலசுப்பிரமணியன் என்பவர் இருபது வருடத்துக்கு மேல் அதன் தலைமை நிருபராக இருந்திருக்கிறார். பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். ஆனால் திருவல்லிக்கேணிக்கு அது புதிதில்லை. பக்கத்திலிருக்கும் வாலாஜா மசூதி 1795ல் கட்டப்பட்டது. அதில் பொறித்திருக்கும் பாரசீகக் கவிதையை எழுதியவர் நவாபிடம் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன் லால் என்ற இந்து.

இன்னொரு செய்தியும் படித்தேன். முசல்மானுக்கு நூற்று முப்பது வருடம் முன்பே சென்னையில் வேறொரு சிறிய சமூகத்தின் மொழியில் பத்திரிகை வந்திருக்கிறது. அது ஆர்மீனியர்களுடையது. நம் தாம்பரம் வண்டி தினமும் அவர்கள் நினைவைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பரங்கிமலை ஏறும் படிகளும், 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் கட்டிய பழைய பாலமும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகரின் கொடை. பாரிமுனையில் அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு நம் மக்கள் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது!

அங்கே ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இருந்தார். ஈரானில் ஷிராஸ் நகரத்துக்காரர். பிள்ளைகள் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்த துக்கத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்தவர். 1789ல் அச்சகம் வைத்தார். 1794 அக்டோபரில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை அதுதான். ஆர்மீனியாவில் இல்லை, நம் ஊரில்! கப்பல் வந்து போன விவரம், சரக்கு விலை, பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அதில் வரும். 18 இதழ்கள் வந்தன. 1796ல் நின்றது. வாங்கியவர்கள் சில பத்துப் பேர்தான். எத்தனை நாள் தாங்கும்? ஷ்மாவோனியன் 1824ல் இறந்து அந்தத் தெருவின் மாதா கோயில் வளாகத்திலேயே அடக்கமானார். ஆர்மீனியர்களும் மெல்ல மெல்ல சென்னையை விட்டுப் போய்விட்டார்கள். கோயில் இருக்கிறது, கல்லறைகள் இருக்கின்றன. கல்லறையில் இருக்கும் எழுத்தைப் படிக்கத்தான் இந்த ஊரில் ஆள் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பத்திரிகை நின்று போவதற்குப் பணம், காகிதம், அச்சு என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எழுத்துத் தெரிந்த பிள்ளை அடுத்த தலைமுறையில் இருந்தால்தானே வாசகர் இருப்பார்? முசல்மான் தொண்ணூறு வருடத்தைத் தாண்டியது மூன்று தலைமுறை ஆசிரியர்களால் மட்டும் முடிந்த காரியமா? திருவல்லிக்கேணியிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல்லாவரத்திலும் சாயங்காலம் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த தாத்தாக்களால் முடிந்தது. அதில் ஒரு தாத்தாவின் வகுப்பை நான் மூடினேன். தமிழ்நாட்டில் உருதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2011 கணக்கெடுப்பில் 12 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு பிள்ளை எம்மாத்திரம் என்று கேட்கலாம். டீச்சருக்கு ஒரு பிள்ளை என்பது ஒரு பிள்ளைதான்.

சட்டத்தின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கட்டாயம் என்ற சட்டம் 2006ல்தான் வந்தது. பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் நீதிமன்றம் போய் விலக்கு வாங்கியதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். எந்த அதிகாரியும் சொல்லச் சொல்லவில்லை. எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. நானாகத்தான் சொன்னேன். இந்த ஊரில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வர வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் கிடையாது. அதற்காக இன்னொன்றை ஏன் பிடுங்கினேன்?

காரணத்தை யோசித்துப் பார்த்தேன். உறவுகளுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் தெலுங்கு. திருத்தணிப் பக்கத்துக் குடும்பம். அவ்வா இருந்த வரை வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அவ்வா எனக்குத் தெலுங்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோது அப்பா தடுத்தார். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம். தமிழை ஒழுங்காகப் படிக்கட்டும்" என்றார். அதே பழமொழி! நான் தமிழில் நல்ல மார்க் வாங்கி, ஆசிரியர் பயிற்சி முடித்து, டீச்சராகவும் ஆகிவிட்டேன். அப்பா சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நடந்ததையே அந்தப் பையனுக்கும் நல்லது என்று செய்தேன்.

அவ்வாவின் நோட்டு ஒன்று என் பீரோவில் இருக்கிறது. நாற்பது பக்கம் இருக்கும். ஊறுகாய்ப் பக்குவமா, வரவு செலவா, பாட்டா, யாரையாவது திட்டி வைத்திருக்கிறாரா, எதுவும் தெரியாது. குண்டு குண்டாக அழகான எழுத்து. நானும் தங்கையும் ஆளுக்கொரு முறை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவோம். அந்தப் பையன் தாத்தாவின் கையில் வரைந்த கதையைக் கேட்ட அன்று இரவு அந்த நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். "என்ன ஆச்சு?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். "ஒண்ணுமில்லை" என்றேன்.

அடுத்த வாரம் அவனுக்குப் போன் செய்தேன். "என்னை அந்தப் பேப்பர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போறியாடா?" என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை போனோம். தாம்பரத்தில் ஏறி, பார்க்கில் இறங்கி, பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். அங்கிருந்து ஆட்டோ. அவன் தன் ஐந்து வயது மகளையும் கூட்டி வந்திருந்தான்.

பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சின்ன இடம். ஏசி கிடையாது. மின்விசிறி, டியூப் லைட். எழுதிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளைகளின் முகம் மாதிரி இருந்தது அந்த முகங்கள். முப்பத்தைந்து வருடம் கையெழுத்துத் திருத்திய எனக்கு, ஒரு வரி நேராகப் போகிறதா என்று பார்ப்பது தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. எல்லா வரியும் நேராகத்தான் போனது. தொந்தரவு செய்யக் கூடாது என்று சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம்.

அப்போது பேப்பர் விலை 75 காசு. 25 காசு நாணயம் 2011லேயே செல்லாமல் போய்விட்டது. ஒரு ரூபாய் கொடுத்தோம். மீதி கேட்கவில்லை.

வெளியே டீக்கடையில் நின்றபோது குழந்தை பேப்பரைப் பிரித்து, தலைப்பில் விரல் வைத்து, "அலிஃப்... லாம்..." என்று தேடித் தேடிப் படித்தாள். நான் அவனைப் பார்த்தேன். "பக்கத்துத் தெருவுல ஒரு ஆபா சொல்லிக் கொடுக்கறாங்க டீச்சர். மூணு மாசமாப் போறா. ஸ்கூல்ல தமிழ் மிஸ்ஸுக்குத் தெரியாது" என்று கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் சிரிக்கவில்லை. டீக்கடை வாசலிலேயே, "நான் அன்னைக்குச் சொன்னது தப்புடா. உங்க அப்பா இருந்தா அவர்கிட்டயும் சொல்லணும்" என்றேன். அவன் பதறிவிட்டான். "ஐயோ, என்ன டீச்சர் நீங்க, நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றான். "நல்லதுக்குச் சொன்னா தப்பு சரியாகிடாது" என்றேன். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாததால் நானே பல்லாவரம் போய்ப் பார்த்தேன். அவர் பழையபடி கை கட்டப் பார்த்தார். "உட்காருங்க" என்று சொல்லி, வந்த விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பையன் தமிழ்ல எழுபத்தெட்டு எடுத்தான் டீச்சர், பத்தாவதுல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்றைக்கு ஏன் இதை எழுதுகிறேன்? தாய்மொழி நாள் பிறந்த கதையைப் பாருங்கள். 1952 பிப்ரவரி 21ல் டாக்காவில் வங்க மொழிக்காக மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அங்கே அவர்கள் மேல் திணிக்கப்பட்ட மொழி உருது. அதே உருது இங்கே பல்லாவரத்தில், ஒரு நாலாம் வகுப்புப் பையனின் நோட்டில், டீச்சருக்குப் பயந்து ஒதுங்கிய மொழி. எந்த மொழியும் ஓர் ஊரில் அதிகாரியாக இருக்கும், இன்னோர் ஊரில் கை கட்டி நிற்கும். நம் தமிழும் அப்படித்தான். மும்பையிலும் மலேசியாவிலும் தமிழ்ப் பள்ளி இருக்கிறதா, தமிழ்ப் பேப்பர் வருகிறதா என்று நாம் கவலைப்படுகிறோமே! அதே கவலை நம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். சிலர் தலைமையாசிரியர் கூட ஆகிவிட்டீர்கள். உங்கள் வகுப்பில் உருது பேசும் பிள்ளை இருக்கலாம். தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், நரிக்குறவர் வீட்டு வாக்ரிபோலி, வேலைக்கு வந்த குடும்பத்தின் இந்தி, ஒடியா எதுவும் இருக்கலாம். தமிழை நன்றாகச் சொல்லிக் கொடுங்கள். கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் பெற்றோரைக் கூப்பிட்டு வீட்டு மொழியை விடச் சொல்லாதீர்கள். அவர்கள் விட்டுவிடுவார்கள். டீச்சர் சொன்னார் என்று உடனே விட்டுவிடுவார்கள். அதுதான் பயம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அ, ஆ தெரியுமா? பேசத் தெரிந்தால் போதும் என்று இருக்காதீர்கள். எனக்கும் தெலுங்கு பேச வரும்.

நம் குடும்பத்தில் யாருக்காவது தெலுங்கு எழுத்துப் படிக்கத் தெரிந்தால் வீட்டுக்கு வாருங்கள். அவ்வாவின் நோட்டு இருக்கிறது. காபி போட்டுத் தருகிறேன். யாரும் வரவில்லை என்றாலும் பரவாயில்லை. போன மாதம் ஒரு தெலுங்கு வாசகப் புத்தகம் வாங்கினேன். பத்து எழுத்து வந்திருக்கிறது. பதினொன்றாவதில் தடுமாறுகிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் இதுவரை ஒரே ஒரு சொல் படிக்க முடிந்தது. 'உப்பு'.

காலையில் அனுப்பிய வாழ்த்துகளுக்கு நன்றி. இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கிழக்குத் தாம்பரம்.